உப்புக் கேள்வி

அக்காவோடு ஆட்டோ பிடிப்பது கூச்சமான காரியம். வண்டியை நிறுத்தியதும், "அல்சூர் ஏரிக்கு எப்பிடிண்ணா போவணும்?" என்று டிரைவரிடம் கேட்பார். பெங்களூரு மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஏரி அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். டிரைவர் நேர்வழியைச் சொன்னால், அதன் பிறகுதான் உண்மையில் போக வேண்டிய இடத்தைச் சொல்வார். கேட்ட வாடகைக்குப் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார். சுற்றுவழி சொன்னால், "வேணாண்ணா, தேங்க்ஸ்" என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார்.

ஒருமுறை ஒரு வயதான டிரைவர் எங்கள் பின்னாலிருந்து கத்தினார்: "ஏம்மா, தெரிஞ்சிக்கினே கேக்குறியே, நான் இன்னா உங்கிட்ட பரீட்சை எழுதவா வந்துகிறேன்?"

அக்கா நின்று திரும்பிப் பார்த்தார். "ஆமாண்ணா. பாஸாயிருந்தா உங்க வண்டியிலதான் ஏறியிருப்பேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதற்கு எங்கள் ஆய்வகத்தில் உப்புக் கேள்வி என்று பெயர். அக்கா அங்கே எனக்கு சீனியர், துறை இயற்பியல் வேதியியல். பெயர்தான் கனமே தவிர, வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு பொருள் இன்னொன்றில் கரையும்போது கொஞ்சம் சூடாகும், அல்லது கொஞ்சம் குளிரும். எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. அளக்கிற கருவியில் முதலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைப் போடுவார்கள். அது தண்ணீரில் கரைந்தால் எவ்வளவு குளிரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். கருவி அந்த எண்ணைச் சரியாகக் காட்டினால், இன்றைக்கு அது உண்மை பேசுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் தெரியாத பொருளைப் போட வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் எப்போதாவது சந்தேகம் வந்தால் உப்பைப் போடுவார்கள். அக்கா தினமும் காலையில் போடுவார். அதோடு நிற்காமல் மனிதர்களுக்கும் போட்டார். உண்மையான கேள்விக்கு முன்னால், பதில் தெரிந்த ஒரு கேள்வி.

அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையில் இருந்துகொண்டு, அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த அன்று எனக்கும் உப்பு விழுந்தது. என்னோடு இன்னொரு பையனும் சேர்ந்திருந்தான். அக்கா அப்போது ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பருத்திச் சுடிதார், தலையில் எப்போதும் ஒரு பென்சில். எங்கள் இருவரையும் நிற்கவைத்து, "நம்ம ஊர்ல தண்ணி எத்தன டிகிரில கொதிக்கும்?" என்றார்.

"நூறு மேடம்" என்றான் அவன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ?"

"அளந்து பாத்ததில்லக்கா."

"அவரு நூறுன்னு சொல்றாரே. புக்லயும் அப்பிடித்தான இருக்கு?"

"அவரு நூறுன்னதும் உங்க மூஞ்சி மாறிச்சுக்கா. அதான் சொல்லல."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பென்சில் கீழே விழுந்துவிட்டது. பெங்களூரு மேட்டில் இருக்கிற ஊர், இங்கே நூறுக்கு மூன்று குறைவாகவே கொதிக்கும் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்கு ஒரு பெரிய குணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது பயம். அடுகோடியில் ஒரு வெல்டிங் பட்டறையின் மாடியில் ஒற்றை அறை எங்கள் வீடு. அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் வேலை, கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. படித்தவர்கள் நடுவில் தப்பாகப் பேசிவிடக் கூடாது என்ற நடுக்கத்தில்தான் நான் எதையும் உறுதியாகச் சொல்லாமல் இருந்தேன். அதையே அக்கா நேர்மை என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு எனக்கும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அவருடைய கறாரால் மற்றவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. மூன்று பேர் பெயர் அதில்: பேராசிரியர், அக்கா, இன்னொரு சீனியர். அந்தச் சீனியர் அந்தக் கட்டுரையைக் காட்டி ஒரு வெளிநாட்டு வேலையை ஏறக்குறைய பிடித்துவிட்டார், கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. அனுப்ப வேண்டிய அன்று காலை அக்கா வந்து, கொஞ்ச நாளாகவே உப்பின் எண் துளித்துளியாக நகர்ந்திருக்கிறது, அந்தக் காலத்தில் எடுத்த அளவுகளை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்.

எங்கள் பேராசிரியர் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகி ஒரு தமிழ் வந்திருந்தது. "ஏனம்மா இது? சொல்ப ஹெச்சு கம்மி, கொஞ்சம் கூடக் கொறய இருந்தா யாரு கேக்கறாங்க? படிக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"மத்தே? அப்பறம் எதுக்கு?"

"எனக்குத் தெரியுமே சார்."

திரும்ப எடுத்தோம். எண்கள் கிட்டத்தட்ட அப்படியே வந்தன. கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம். அதற்குள் அந்தச் சீனியருக்கு வர வேண்டிய வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையை எல்லார் மேஜையிலும் வைத்துக்கொண்டே வந்தவர் அக்காவின் மேஜையைத் தாண்டிப் போனார். அக்கா அதைப் பார்த்தார். சாயங்காலம் என்னிடம், "அவரு கோவப்பட்டது சரிதான்" என்றார். "ஆனா நான் செஞ்சதும் சரிதான். ரெண்டும் சரின்னா என்னடா பண்றது?" அப்போது அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை.

அக்காவின் அம்மா இதை எல்லாம் வேறு விதமாகச் சொல்லுவார். அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். மர்பி டவுனில் மாடிப்படி வெளியில் இருக்கிற ஒரு சின்ன வீட்டில் இந்த ஒரே மகளை வளர்த்துப் படிக்க வைத்தவர். பேச உட்கார்ந்தால் மகளைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

"மாப்ள வந்தான்டா ஒருத்தன். ராஜா மாதிரி இருந்தான். இவ காப்பி குடுத்துட்டு உள்ள வரணுமா இல்லியா? அங்கியே நின்னுக்கினு, காலேஜ்ல எவ்ளோ மார்க்குன்றா."

"தெரியாமயா கேட்டாங்க?"

"எங்க தெரியாது! அதே காலேஜ்ல இவ சினேகிதி இருக்கா, அவகிட்ட விசாரிச்சுட்டுத்தான் நின்னா. அவன் பாவம், எடுத்ததுக்கு மேல கொஞ்சம் சேத்து சொல்லிட்டான். ஆம்பளன்னா சொல்லத்தான செய்வான்? காப்பி டம்ளர வாங்கிக்கினு உள்ள வந்து, ஆகாதும்மான்னுட்டா. ஊர்ல பொண்ணுங்க மாப்ளைய மூஞ்சி பாப்பாளுங்க, சம்பளம் பாப்பாளுங்க. இவ உப்புப் போட்டுப் பாத்தா."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சிரித்து முடிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்ததே அக்கா சொல்லித்தான். ஜெர்மனியில் ஓர் ஆய்வு வேலை கிடைத்துக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா போன்ல பொய் சொல்லுவாங்க. காய்ச்சல்ல படுத்திருந்தாலும் நல்லாத்தான் இருக்கேன்னுவாங்க. நீ ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வந்து சொல்லு. பாத்தத மட்டும் சொல்லு. நீ நெனைக்கறத சொல்லாத."

அப்படித்தான் சொல்லி வந்தேன். அம்மா இளைத்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன், வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்பேன். மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டேன், டி.வி. ஓடியது, பார்க்கவில்லை என்பேன். அக்கா அங்கிருந்து "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வார்.

வெளிநாட்டில் அக்காவின் வாழ்க்கை ஒப்பந்தம் ஒப்பந்தமாக நகர்ந்தது. ஒரு ஊரில் கருவியைச் சரிசெய்து, மாணவர்களைப் பழக்கி, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தேற்றி எடுப்பதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். செடியை யாரிடமாவது கொடுத்துவிட்டு அடுத்த ஊர். நல்ல கட்டுரைகள் வந்தன. அவருடைய அளவுகளை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாண்டார்கள். ஆனால் நிரந்தர வேலை என்று வரும்போது அவருடைய வேகம் போதாது என்பார்கள். ஒருமுறை அங்கே மாணவர்கள் அவர்மேல் புகாரே கொடுத்துவிட்டார்கள். தெரிந்ததையே எங்களிடம் கேட்கிறார், எங்களை நம்பாமல் சோதிக்கிறார் என்று. கூட்டம் போட்டு விசாரித்தார்களாம்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"சோதிக்கிறது நெஜம்தான்னேன். நம்பறதுக்காகத்தான் சோதிக்கிறேன்னேன்."

"அவங்க?"

"எழுதிக்கிட்டாங்க." போனில் சிரித்தார். "தெரியுமாடா, இங்க யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதே இல்ல. நல்லா இருக்கியான்னு கேட்டாக்கூட பதிலுக்கு நிக்கறதில்ல. எனக்கு உப்புப் போடவும் இங்க யாரும் இல்ல."

பல ஊர் சுற்றி, கடைசியில் டென்மார்க்கில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தர வேலை தர முன்வந்தது. அக்காவின் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதே சமயத்தில்தான் இங்கே, நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தில், அவருடைய துறையிலேயே ஓர் உதவிப் பேராசிரியர் இடம் அறிவித்தார்கள். நான் அப்போது ஆய்வை முடித்துவிட்டுத் தனியார் கல்லூரி ஒன்றில் தாற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பித்தேன். பேராசிரியர், "ஒள்ளே சான்ஸ், நல்ல சான்ஸ், போடு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டார்.

"அந்த போஸ்ட்டுக்கு நீ அப்ளை பண்ணியிருக்கியா?"

"ஆமாக்கா."

"நானும் பண்ணியிருக்கேன்."

பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "சார் சொல்லிட்டாராக்கா? உப்பா போட்டீங்க?"

"ஆமா. உனக்குக்கூட போட வேண்டியிருக்கே. தப்பா எடுத்துக்காத." என்றார். "இப்ப நெஜமான கேள்வி. நான் திரும்பி வர்றத அம்மா விரும்பறாங்களா, இல்லியா? நான் கேட்டா, நீ அங்கியே இரு, எனக்கு இன்னா கொறச்சல்ன்றாங்க. அவங்களுக்கு நான் எந்த உப்பப் போட்டாலும் செல்லாது. நீ சொல்லு."

இரண்டு பதில்கள் என்னிடம் இருந்தன. அம்மா என்னிடமும் ஒவ்வொரு வாரமும், "அவ வர வேணாம்டா, இங்க வந்து இன்னா பண்ணப்போறா" என்றுதான் சொல்லி வந்தார். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். காதால் கேட்டதுதானே, பொய்யில்லை. அக்கா டென்மார்க்கில் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்குப் போட்டியும் இருந்திருக்காது. எங்கள் வீட்டு ஒற்றை அறையும், அப்பா ஷிப்ட் முடிந்து முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறுவதும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் சொன்னது இது: "அவங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதுக்கா. வர வேணாம்னுதான் எப்பவும் சொல்றாங்க. ஆனா போன வாரம் பாத்ரூம்ல கீசர் மாட்டியிருக்காங்க."

"கீசரா?"

"ஆமாக்கா. நான்தான் ஆள் கூட்டிட்டு வந்தேன்."

"அவங்க மார்கழியிலகூட பச்சத் தண்ணிதானடா ஊத்திக்குவாங்க?"

"ஆமாக்கா. யாருக்கும்மா இதுன்னு கேட்டேன். யாராச்சும் வந்தா வேணாமான்னாங்க."

பிறகு, "சரிடா, வெச்சிடறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. நினைத்ததைச் சொல்லக் கூடாது என்பதால் கேட்டதைச் சொல்கிறேன். உடைந்துதான் இருந்தது.

அன்று முழுக்க என்மேல் எனக்கே ஒரு மரியாதை. என் வாய்க்கு வந்த சோற்றைத் தள்ளிவிட்டு உண்மையைச் சொன்னேனே என்று. இப்போது அந்த மரியாதையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். டென்மார்க்கை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு மூலையில் நிச்சயமாக இருந்தது. அந்த நிச்சயத்தில் கால் ஊன்றிக்கொண்டுதான் அவ்வளவு நல்லவனாக நின்றேனோ என்னவோ.

அக்கா வந்துவிட்டார். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வரவில்லை. மொத்தமாக வந்துவிட்டார். டென்மார்க்கில் கையெழுத்துப் போடவில்லையாம்.

"முதல்ல இங்க இன்டர்வியூ முடியட்டும்னு இருந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"போறதுன்னு மனசுல வெச்சிக்கிட்டு, இருக்கேன்னு எழுதிக் குடுக்கறது எப்பிடிடா?"

தேர்வு அன்று வராந்தாவில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டார். அவரை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் கேன்டீனில் எனக்காகக் காத்திருந்தார். நான் முடித்துவிட்டுப் போனதும் இரண்டு டீ சொல்லி, உள்ளே நடந்ததை அப்படியே ஒப்பித்தார். வேலையைப் பற்றி எல்லாம் நன்றாகப் போனதாம். கடைசியில் ஒருவர், "இத்தனை ஊர் மாறியிருக்கீங்க. இங்க நிரந்தரமா இருப்பீங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்றாராம்.

"என்ன சொன்னீங்க?"

"உத்தரவாதம் இல்ல சார், இப்ப வந்திருக்கேன், இருக்கணும்னு ஆசை, அதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னேன்."

"அக்கா!"

"வேற என்னடா சொல்றது? எனக்குத் தெரியாதுதான? உன்னக் கேட்டாங்களா?"

கேட்டார்கள். "நான் எங்கயும் போக மாட்டேன் சார், எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல" என்று சொல்லியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். தலைவராக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் சொன்னதும் முழு உண்மைதான். அக்காவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். "உனக்குத்தான்டா கெடைக்கும்" என்றார்.

எனக்குத்தான் கிடைத்தது.

அப்பா ஷாப்பில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். "அந்த ஜெர்மனி பொண்ணும் வந்திருந்துச்சுன்னியே?"

"ஆமாம்பா."

"அது உன்னவிட பெரிய படிப்பு இல்ல?"

"ஆமாம்பா. ரொம்ப."

"அப்பறம் எப்பிட்றா உனக்குக் குடுத்தாங்கோ?"

குத்திக் காட்டவில்லை. தேர்வில் என்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு நாளைக்கு ஷிப்டில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. "தெரியலப்பா" என்றேன். மைசூர்பாகு டப்பாவை மெதுவாக மூடி வைத்தார்.

அந்த வாரம் மர்பி டவுனுக்குப் போனபோது அக்கா வீட்டில் இல்லை. ஓசூர் ரோட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் வகுப்பு எடுக்கப் போயிருந்தார். அம்மா உட்காரச் சொல்லவில்லை.

"கீசரப் போயி சொன்னியாமே?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"முட்டி வலிக்கு சுடுதண்ணி ஊத்த சொன்னாரு டாக்டரு. அதுக்குப் போட்டேன்டா நான்."

"யாருக்குன்னு கேட்டேனேம்மா... நீங்க சொல்லலியே."

"ஒரு ஆம்பளப் பையங்கிட்ட முட்டி வலிக்குது இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிக்கினா இருப்பாங்க? சும்னே ஒரு பேச்சுக்கு, யாராச்சும் வந்தான்னேன். அத போயி அவகிட்ட..." சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. "எம்பொண்ணு டென்மார்க்குல புரொபசருன்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்ப கடையில கேக்கறாங்க, லீவுல வந்துகிறாளான்னு. இன்னான்னு சொல்லட்டும்? நீ சொல்லு."

எந்த டாக்டர், எப்போது சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முட்டி வலி நிஜமா, மகளின் தோல்வியைத் தாங்க முடியாமல் அன்று பிடித்துக்கொண்ட காரணமா என்று இன்றுவரை தெரியாது. அக்காவிடம் இதைச் சொல்லவும் இல்லை. அவருக்கு அம்மாவே சொல்லியிருந்தார்.

ஆறேழு மாதம் அக்கா இங்கே இருந்தார். கோச்சிங் சென்டர்காரர், "மேடம், பிள்ளைங்கள எதிர்க் கேள்வி கேக்காதீங்க, போர்ஷன முடிங்க" என்றாராம். வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். வீட்டில் அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஒருவருக்கொருவர் தொந்தரவாகிவிடக் கூடாது என்று அந்தச் சின்ன வீட்டுக்குள் விலகி விலகி நடந்தார்கள். நான் போனால் இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். பிறகு கனடாவில், நான் பெயரே கேட்டிராத ஒரு ஊரில், முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தது. ஆய்வகம் கிடையாது. ஒப்புக்கொண்டார்.

கிளம்பும் முன்பு ஒருநாள் காலையில் என் அறைக்கு வந்தார். அறையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார், ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கிறது, மத்தியானம் சூடு ஏறாது, கருவிக்கு நல்லது என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் தாங்க முடியாமல், "நான் அன்னைக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்க்கா" என்றேன்.

"எதுக்கு? நீ பாத்தத சொன்ன. அது சரியான ரீடிங்தான்." பென்சிலைத் தலையிலிருந்து எடுத்து, திரும்பச் செருகிக்கொண்டார். "ஒரே ஒரு ரீடிங்க வெச்சு முடிவு பண்ணது நான். முதல் வருஷத்துப் பசங்ககூட அப்பிடி செய்ய மாட்டாங்க. ஏன் செஞ்சேன் தெரியுமா?"

"ஏன்க்கா?"

"அந்த எண்ணுதான் வரணும்னு இருந்தேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தப்பை முழுவதுமாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று என்னிடம் அவர் உப்புப் போடவில்லை. உண்மையான கேள்வியும் கேட்கவில்லை. அதன் பிறகு இன்றுவரை கேட்கவில்லை. பேசுகிறோம். சாப்பிட்டியா, வேலை எப்படிப் போகுது, மழையா, பனியா. அம்மாவைப் போய்ப் பார் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

யாரும் சொல்லாவிட்டாலும் நான் போகிறேன். முதல் சில வாரம் அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். பிறகு காப்பி வர ஆரம்பித்தது. பிறகு பேச்சும் வந்தது. சிலிண்டர் மாற்றுவது, மின்சாரக் கட்டணத்தைப் போனில் கட்டுவது என்று ஏதாவது ஒரு வேலை வைத்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சேலத்துப் பெண் மேலே வந்து உட்கார்ந்திருந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர். இடுப்பில் குழந்தை. நான் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து, "உங்க பையனாம்மா?" என்றார்.

"இல்லம்மா" என்றார் அம்மா. குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, என்னைக் கையால் காட்டினார். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு உறவுக்காரனை அறிமுகப்படுத்துகிற குரல். "எம் பொண்ணு எடத்துல வேல பாக்கற பையன். யூனிவர்சிட்டியில."

"ஓ, அப்ப உங்க பொண்ணு?"

"அவ கனடாவுல இருக்கா."

"டிரான்ஸ்ஃபராம்மா?"

"அப்பிடித்தான். அவ வர்ற வரைக்கும் இவன் பாத்துக்கறான்." அம்மா என் பக்கம் திரும்பினார். "இல்லடா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். குழந்தையும் பார்த்தது. அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.